கடத்தப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு சட்டம்: எஸ்.1067 நிகழ்வு ஆய்வு

2010 மே 24 அன்று அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா கையெழுத்திட்ட பொதுச் சட்டம் 111-172 அளவில் மிகச் சிறியது. செனட்டில் மசோதாவாக இருந்தபோது அதன் எண் எஸ்.1067. ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். ஜோசப் கோனி தலைமையிலான லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி (எல்.ஆர்.ஏ.) என்ற கிளர்ச்சிப் படையால் பொதுமக்களுக்கு நேரும் ஆபத்தை ஒழிக்க 180 நாட்களுக்குள் ஒரு வியூகம் வகுத்துத் தர வேண்டும் என்று அது அதிபரைப் பணித்தது. இதற்காகத் தெருவில் நின்றவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். அமெரிக்கத் தேர்தலில் யாருக்கும் ஒரு வாக்கு கூடுதலாகத் தராத விஷயம் இது. ஆனாலும் 60-க்கும் மேற்பட்ட செனட்டர்களும் பிரதிநிதிகள் சபையில் சுமார் 200 பேரும் மசோதாவில் தங்கள் பெயரைச் சேர்த்தார்கள்.

இந்த இயக்கம் வென்றதா தோற்றதா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அதில் இன்னொரு தரப்பாகச் சேர்வதில் எங்களுக்கு ஆர்வமில்லை. சட்டத்தின் எந்த வாசகம் களத்தில் என்ன ஆனது என்பதைப் பின்தொடர்வதுதான் நோக்கம். குழந்தைகளை ஆயுதக் குழுக்களிடமிருந்து காக்கச் சட்டம் கேட்டு நிற்கும் எவருக்கும் பயன்படக்கூடியது அந்தக் கணக்குதான்.

படையில் இருந்தவர்கள் யார்

1980-களின் இறுதியில் வடக்கு உகாண்டாவின் அச்சோலிப் பகுதியில் உருவான எல்.ஆர்.ஏ.வுக்கு விரும்பிச் சேர்ந்த ஆட்கள் குறைவு. அதனால் அது குழந்தைகளைக் கடத்தியே தன் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொண்டது. பல்லாயிரம் குழந்தைகள் இப்படிப் போனார்கள். 1996 அக்டோபர் 10 அன்று அபோக்கே ஊரின் செயின்ட் மேரீஸ் விடுதியிலிருந்து 139 மாணவிகளைக் கொண்டுபோனார்கள். பள்ளியின் துணைத் தலைமையாசிரியை, கன்னியாஸ்திரி ரகேலே ஃபசேரா, கடத்தியவர்களின் தடம் பற்றிப் பின்னாலேயே போய் 109 பேரை மீட்டு வந்தார். 30 பேரை அவர்கள் விடவில்லை.

கடத்தியபின் நடப்பதுதான் சட்டம் எழுதுபவர் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது. தப்பிக்க முயன்ற சிறுவனை அடிக்கவோ கொல்லவோ புதிதாகக் கொண்டுவந்த குழந்தைகளையே கட்டாயப்படுத்தினார்கள். செய்த பிறகு, ஊர் இனி உன்னை ஏற்காது, அரசுப் படை உன்னைச் சுடும் என்று சொல்லி வைத்தார்கள். ஆகவே காவலும் பயமும் மட்டுமல்ல, வீட்டுக்குத் திரும்ப முடியாது என்ற நம்பிக்கையும் குழந்தையைக் கட்டிப்போட்டது. சிறுமிகளைத் தளபதிகளுக்கு 'மனைவி' என்று பங்கிட்டார்கள்.

2003–2005 காலத்தில் கிராமத்துக் குழந்தைகள் சாயங்காலம் ஆனதும் பாயையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு குலு, கிட்கும் போன்ற நகரங்களுக்கு நடந்தார்கள். பேருந்து நிலையத்திலும் கடை வராந்தாக்களிலும் தேவாலய வளாகங்களிலும் படுத்து, விடிந்ததும் திரும்பிப் போனார்கள். இது உச்சத்தில் இருந்தபோது ஒரே இரவில் சுமார் 40,000 குழந்தைகள்வரை நடந்ததாகக் கணக்கிடப்பட்டது. மக்களில் 18 லட்சம் பேர்வரை முகாம்களில் அடைபட்டிருந்தனர்.

எல்.ஆர்.ஏ.வை எதிர்த்து எழுதப்படும் எந்தச் சட்டத்துக்கும் இதிலிருந்து ஒரு சிக்கல் வருகிறது. துப்பாக்கி ஏந்தி எதிரே நிற்பவன் எந்தக் குழந்தையைக் காக்கச் சட்டம் கேட்கிறோமோ அதே குழந்தை. படையைத் தாக்கினால் முதலில் சாவது முன்வரிசையில் நிறுத்தப்பட்டிருக்கும் சிறுவன்.

அங்கே ஏற்கெனவே எழுந்திருந்த சட்டம்

அமெரிக்க மாணவர்கள் எல்.ஆர்.ஏ.வின் பெயரைக் கேள்விப்படும் முன்பே இந்தச் சிக்கலுக்கு வடக்கு உகாண்டா மக்கள் ஒரு விடை கண்டிருந்தார்கள். மகள்களை இழந்த அபோக்கேப் பெற்றோர் ஒரு சங்கமாகத் திரண்டனர். கத்தோலிக்க, ஆங்கிலிக்க, ஆர்த்தடாக்ஸ், இஸ்லாமியத் தலைவர்கள் சேர்ந்து அச்சோலி மதத் தலைவர்கள் அமைதி முயற்சி என்ற அமைப்பை உருவாக்கினர். 2003-இல் பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒடாமாவும் மற்றத் தலைவர்களும் குலு நகரத் தெருவில் அந்தக் குழந்தைகளோடு சில இரவுகள் படுத்து உறங்கினார்கள்.

இவர்கள் கேட்டுப் பெற்றதுதான் 2000-இல் வந்த உகாண்டாவின் பொதுமன்னிப்புச் சட்டம். 1986 ஜனவரி 26-க்குப் பிறகு அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்திய எவரும் அதன் கீழ் வரலாம். நடைமுறை நான்கே படிகள்: பொறுப்பானவர் ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும், கிளர்ச்சியைக் கைவிடுவதாக அறிவிக்க வேண்டும், ஆயுதம் இருந்தால் ஒப்படைக்க வேண்டும், சான்றிதழ் பெற வேண்டும். 'பொறுப்பானவர்' யார் என்ற இடத்தில்தான் அந்தச் சட்டத்தின் அறிவு தெரிகிறது. படை முகாமும் காவல் நிலையமும் மட்டும் என்று எழுதியிருந்தால் ஒரு சிறுவனும் வந்திருக்க மாட்டான், அவன் பயந்ததே அவர்களுக்குத்தான். ஊர்த் தலைவர், உள்ளாட்சி உறுப்பினர், நீதிபதி, மதத் தலைவர் ஆகியோரிடமும் சரணடையலாம் என்று சட்டம் பட்டியலிட்டது. திரும்பியவருக்கு 2,63,000 உகாண்டா ஷில்லிங்கும், மெத்தை, மண்வெட்டி, விதை போன்ற பொருட்களும் கொண்ட தொகுப்பு தருவதாக இருந்தது. பலருக்கு அது வருடக்கணக்கில் தாமதமானது என்பதையும் சொல்ல வேண்டும். என்றாலும் 26,000-க்கும் மேற்பட்டோர் இந்த மன்னிப்பைப் பெற்றார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் எல்.ஆர்.ஏ.விலிருந்து வந்தவர்கள்.

அமெரிக்க மசோதாவைப் பற்றிப் பேசும்போது இந்தச் சட்டத்தை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் தவறாகப் புரியும்.

எஸ்.1067 என்ன கேட்டது

2006 முதல் தெற்கு சூடானின் ஜூபாவில் உகாண்டா அரசுக்கும் எல்.ஆர்.ஏ.வுக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தை, 2008-இல் கோனி கையெழுத்திட வராததால் முறிந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்காவின் திட்டமிடல் உதவியோடு உகாண்டாப் படை காங்கோவின் காரம்பா காட்டில் வான்தாக்குதல் நடத்தியது. தலைமை தப்பியது. எல்.ஆர்.ஏ. சிறுசிறு கூட்டங்களாகச் சிதறி, கிறிஸ்துமஸ் சமயத்தில் வடகிழக்குக் காங்கோ கிராமங்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. தாக்குதலுக்கு முன் அந்தக் கிராமங்களைக் காக்க எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. மசோதா எழுந்தது இந்தத் தோல்வியிலிருந்துதான்.

2009 மே மாதம் ஜனநாயகக் கட்சியின் ரஸ் ஃபைன்கோல்டும் குடியரசுக் கட்சியின் சாம் பிரவுன்பேக்கும் செனட்டில் அறிமுகப்படுத்தினர். பிரதிநிதிகள் சபையில் ஜிம் மெக்கவர்ன், பிராட் மில்லர், எட் ராய்ஸ் கொண்டுவந்தனர். இரு அவையிலும் இரு கட்சியினரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து நின்றது மசோதா உயிர் பிழைக்கப் பெரிய காரணம்.

கேட்டவை நான்கு. முதலாவது, 180 நாட்களில் வியூகம்: பொதுமக்களைக் காப்பது எப்படி, எந்தத் துறை எதைச் செய்யும், பிராந்திய அரசுகளோடு எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இரண்டாவது, உகாண்டாவுக்கு வெளியே, அதாவது காங்கோ, தெற்கு சூடான், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு ஆகிய இடங்களில் பாதிக்கப்பட்டோருக்கு உதவி. மூன்றாவது, வடக்கு உகாண்டாவின் மறுகட்டமைப்பும் நல்லிணக்கப் பணியும். நான்காவது, நடந்ததைச் சொல்லும் அறிக்கை. நிதியாக, எல்லைக்கு வெளியே உள்ள உதவிக்கு 1 கோடி டாலரும், நல்லிணக்கப் பணிக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலரும், மொத்தம் 4 கோடி.

இதோடு 3-ஆம் பிரிவில் ஒரு கொள்கை வாசகமும் இருந்தது. பேச்சுவார்த்தைத் தீர்வு இல்லாத நிலையில், கோனியையும் உயர்மட்டத் தளபதிகளையும் 'பிடிக்க அல்லது போர்க்களத்திலிருந்து அகற்ற' அரசியல், பொருளாதார, ராணுவ, உளவு ஆதரவு தரப்படும் என்றது அது. மேலே சொன்ன நான்கு கோரிக்கைகளைவிட இந்த ஒரு வரி பின்னாளில் அதிகம் வேலை செய்தது.

ஆதரவு திரட்டிய விதம்

இன்விசிபிள் சில்ட்ரன், ரிசால்வ் உகாண்டா, எனஃப் புராஜெக்ட் ஆகிய மூன்று அமைப்புகள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. ஒன்றுக்கு இளைஞர் கூட்டம் இருந்தது. ஒன்றுக்குக் காங்கிரஸ் அலுவலக நடைமுறை தெரியும். ஒன்றுக்குக் கொள்கை ஆய்வு கைவசம். எல்லாவற்றையும் ஒரே அமைப்பு செய்ய முயன்றிருந்தால் இவ்வளவு வேகம் வந்திருக்காது. 2009 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாஷிங்டனுக்கு வந்து தங்கள் தொகுதிப் பிரதிநிதிகளின் அலுவலகங்களில் நேரில் பேசினார்கள்.

அப்படிப்பட்ட சந்திப்பு 15 அல்லது 20 நிமிடம்தான் கிடைக்கும். எதிரே இருப்பவர் பெரும்பாலும் செனட்டர் அல்ல, வெளியுறவு விஷயங்களைப் பார்க்கும் இளம் உதவியாளர். ஒரு நாளில் இப்படிப் பத்துக் கூட்டங்களில் உட்காருபவர் அவர். நான்கைந்து பேர் போவது நல்லது. ஒருவர் தொகுதிக்காரர் என்று தன்னை அறிமுகம் செய்ய வேண்டும், ஒருவர் பிரச்சினையை இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும், ஒருவர் கோரிக்கை வைக்க வேண்டும், ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும். கோரிக்கை ஒன்றே ஒன்று: 'எஸ்.1067-இல் இணை ஆதரவாளராகச் சேர வேண்டும்.' மசோதா எண்ணும், அதே கட்சியிலிருந்து ஏற்கெனவே சேர்ந்தவர்களின் பெயர்களும் கொண்ட ஒரு பக்கத் தாளை விட்டுவிட்டு வர வேண்டும். உதவியாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் 'வேறு யார் சேர்ந்திருக்கிறார்கள்' என்பதுதான்.

இந்த இடத்தில் வழக்கமாகக் கெடுவது இரண்டு. குழந்தைகளின் துயரத்தைச் சொல்லிச் சொல்லிக் கோரிக்கைக்கு வரும் முன்பே நேரம் முடிந்துவிடும். அல்லது 'பார்க்கிறோம்' என்ற பதிலை ஆதரவு என்று குறித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து நிலைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: சேர்ந்துவிட்டார், சேர்வதாகச் சொன்னார், சாய்கிறார், பதிலில்லை, எதிர்க்கிறார். இரண்டாம் நிலையில் இருப்பவரை இரண்டு வாரத்துக்குள் முதல் நிலைக்குக் கொண்டுவராவிட்டால் அவர் மூன்றாம் நிலைக்கு நழுவுகிறார் என்றே கொள்ள வேண்டும். நிலைக்குழு உறுப்பினர்களை முதலில் முடிக்க வேண்டும், ஏனென்றால் குழுவைத் தாண்டாத மசோதாவுக்கு 90 ஆதரவாளர் இருந்தாலும் பயனில்லை. எஸ்.1067 அந்த நவம்பரில் செனட் வெளியுறவுக் குழுவைத் தாண்டியது.

ஒருவர் போட்ட தடை

60 பெயருக்கு மேல் கையிலிருந்தும் மசோதா அசையவில்லை. காரணம் செனட்டின் நடைமுறை. சிறிய மசோதாக்கள் அங்கே வாக்கெடுப்புக்கே போவதில்லை. எல்லா அலுவலகங்களுக்கும் தகவல் அனுப்பி, யாருக்கும் மறுப்பில்லை என்றால் ஒருமனதாக நிறைவேறியதாக அறிவிப்பார்கள். ஒரே ஒரு செனட்டர் மறுப்பதாகச் சொன்னால் போதும், அதுவே தடை. அதை மீறலாம், அதற்கு விவாதத்தை முடிக்கும் தீர்மானம் கொண்டுவந்து, இடையில் ஒரு நாள் காத்திருந்து, 60 வாக்கு பெற்று, அதன்பின் 30 மணி நேரம்வரை விவாதத்துக்கு விட வேண்டும். மசோதாவை எடுத்துக்கொள்ளவே ஒருமுறை, நிறைவேற்ற இன்னொருமுறை இதைச் செய்ய நேரலாம். சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் அவையை விழுங்கிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் ஆப்பிரிக்கா பற்றிய ஒரு மசோதாவுக்கு எந்தப் பெரும்பான்மைத் தலைவரும் ஒரு வார அவை நேரத்தைத் தர மாட்டார்.

தடை போட்டவர் ஓக்லஹோமாவின் டாம் கோபர்ன். மசோதாவின் நோக்கத்தை அவர் எதிர்க்கவில்லை. புதிதாகச் செலவு அனுமதிக்கும் எந்த மசோதாவானாலும் அதே அளவு வேறெங்காவது குறைக்க வேண்டும் என்பது அவருடைய நிலையான கொள்கை. இதே காரணத்துக்காகப் பல மசோதாக்களை நிறுத்தி வைத்தவர். இவரிடம் கடத்தப்பட்ட குழந்தைகளின் படங்களைக் காட்டி என்ன பயன்? அவர் கேட்டது 4 கோடி டாலருக்கான பதில்.

2010 பிப்ரவரி இறுதியில் ஆதரவாளர்கள் வாஷிங்டனை விட்டுவிட்டு ஓக்லஹோமா சிட்டியில் உள்ள அவருடைய அலுவலகத்துக்கு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். குளிர்காலம். இரவும் பகலும் 11 நாள் அங்கேயே இருந்தார்கள். இடத்தைத் தேர்ந்த விதம் சரி என்றே சொல்வோம். வாஷிங்டன் அலுவலகத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் வரும் தொலைபேசி அழைப்புகளை ஒரு செனட்டர் எண்ணிக்கையாகத்தான் பார்ப்பார். சொந்த மாநிலத்தின் நாளிதழில் தன் அலுவலக வாசல் தினமும் செய்தியானால் அதை அப்படி ஒதுக்க முடியாது. அதே மாநிலத்தின் மற்றொரு செனட்டர் ஜிம் இன்ஹாஃப் மசோதாவின் பக்கம் இருந்ததும் உதவியது. குடியரசுக் கட்சி மாநிலத்தில் இது கட்சிச் சண்டையாக மாறாமல் போனதற்கு அது ஒரு காரணம்.

ஆனால் வாசலில் உட்கார்ந்ததால் மட்டும் தடை விலகியது என்று நம்புவது அடுத்த இயக்கத்தைத் தவறான வழியில் அனுப்பும். வெளியே அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது உள்ளே மாற்று வாசகம் பேசப்பட்டது. எதிராளி கௌரவமாக ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு தாள் தயாராக இல்லாமல் முற்றுகை இருந்தால், அது அவரை இன்னும் இறுகச் செய்வதோடு முடியும். மார்ச் 9 அன்று உடன்பாடு வந்தது. மறுநாள் செனட் மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. மே மாதம் பிரதிநிதிகள் சபை செனட்டின் வாசகத்தையே, ஒரு சொல்லும் மாற்றாமல், குரல் வாக்கெடுப்பில் ஏற்றது. மாற்றியிருந்தால் மசோதா செனட்டுக்குத் திரும்பியிருக்கும். மறுபடியும் யாராவது ஒருவர் தடை போடலாம். 2011 ஜனவரியில் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்ததும் நிறைவேறாத மசோதாக்கள் எல்லாம் காலாவதியாகியிருக்கும்.

விட்டுக்கொடுத்தது என்ன

இறுதிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவை எடுத்துப் பார்த்தால் விலை தெரியும். தொகைகள் அப்படியே இருக்கின்றன: 2011-க்கு 1 கோடி, 2011 முதல் 2013 வரை ஆண்டுக்கு 1 கோடி. ஆனால் பிரிவின் தலைப்பு 'நிதி குறித்துக் காங்கிரஸின் கருத்து'. வெளியுறவுத் துறைக்கு ஒதுக்கப்படும் மொத்தத்திலிருந்து 'இந்த அளவு வரை செலவிடப்பட வேண்டும்' என்பது காங்கிரஸின் எண்ணம், அவ்வளவே. புதுப்பணம் இல்லை. கருத்துப் பிரிவு யாரையும் கட்டாது.

அமெரிக்க முறையில், செலவை அனுமதித்த பழைய வாசகமும்கூடத் தானாகப் பணத்தைக் கையில் தந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அனுமதிச் சட்டம் வேறு, ஒதுக்கீட்டுச் சட்டம் வேறு. அனுமதி கிடைத்த திட்டத்துக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீட்டுக் குழுவிடம் தனியாகப் போய் நிற்க வேண்டும். கையெழுத்து விழாவில் கை தட்டிவிட்டு வீடு திரும்பும் இயக்கங்கள் இந்த இரண்டாம் பாதியைத்தான் தவற விடுகின்றன. இந்தக் கூட்டணி அந்தத் தவறைச் செய்யவில்லை. அடுத்த ஆண்டுகளில் ஒதுக்கீட்டு மசோதாக்களில் எல்.ஆர்.ஏ. தொடர்பான வரிகளுக்காகத் தொடர்ந்து வாதாடியது.

எங்கள் மதிப்பீட்டில் இந்த விட்டுக்கொடுத்தல் தகும். கட்டாயத் தன்மை கொண்ட 4-ஆம் பிரிவு, அதாவது 180 நாள் கெடு, தொடப்படாமல் தப்பியது. பணத்தை இழந்து கெடுவைக் காத்தது சரியான பேரம். 2010 நவம்பர் 24 அன்று, ஏறக்குறைய கெடு நாளிலேயே, வெள்ளை மாளிகை வியூகத்தை அளித்தது. பொதுமக்கள் பாதுகாப்பு, தலைமையைப் பிடித்தல் அல்லது அகற்றுதல், சரணடைவை ஊக்குவித்தல், மனிதாபிமான உதவி என்று நான்கு குறிக்கோள்கள் அதில் இருந்தன.

களத்தில் நான்கு குறிக்கோள்களும்

2011 அக்டோபர் 14 அன்று ஒபாமா காங்கிரஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு, சுமார் 100 ராணுவ ஆலோசகர்களை அனுப்புவதாக அறிவித்தார். கொள்கை வாசகத்தின் அந்த ஒரு வரி உயிர் பெற்றது இப்படித்தான். நான்கு குறிக்கோள்களில் அதிகப் பணமும் கவனமும் பெற்றது இரண்டாவது. 2017-இல் படை திரும்பியபோது எல்.ஆர்.ஏ.விடம் 100-க்கும் குறைவான ஆயுததாரிகளே எஞ்சியிருந்ததாகச் சொல்லப்பட்டது. கோனி பிடிபடவில்லை.

எண்ணிக்கை குறைந்ததற்குத் துரத்தல் ஒரு காரணம். மூன்றாவது குறிக்கோளின் பங்கை நாங்கள் அதற்கும் மேலாக மதிக்கிறோம். குலுவின் மெகா எஃப்.எம். நிலையம் பல ஆண்டுகளுக்கு முன்பே 'வீட்டுக்கு வா' என்று அழைக்கும் 'ட்வோக் பாச்சோ' நிகழ்ச்சியை நடத்திக் காட்டியிருந்தது. திரும்பி வந்தவரே மைக் முன் உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லி, தன்னை யாரும் கொல்லவில்லை, அம்மாவைப் பார்த்தேன் என்று பேசுவார். காட்டில் ரகசியமாக வானொலி கேட்கும் சிறுவனிடம் தளபதி சொல்லி வைத்த பொய்யை உடைக்க அந்தக் குரல் ஒன்றே போதும். இதே முறையைக் காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் பண்பலை நிலையங்கள், துண்டறிக்கைகள், ஹெலிகாப்டர் ஒலிபெருக்கிகள் மூலம் விரித்தார்கள். துண்டறிக்கையில் திரும்பியவரின் படம், எங்கே போய்ச் சேர வேண்டும், ஆயுதத்தை எப்படி வைத்துக்கொண்டு வர வேண்டும் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். சேரவேண்டிய இடத்தில் உள்ள கிராம மக்களுக்கும் அதே செய்தி முன்கூட்டியே போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையை உயர்த்திக்கொண்டு வரும் பையனை ஊரே அடித்துக் கொன்றுவிடும் ஆபத்து உண்டு.

முதல் குறிக்கோளின் அவசியத்தை மகோம்போ காட்டியது. 2009 டிசம்பரில் காங்கோவின் அந்தப் பகுதியில் எல்.ஆர்.ஏ. 321 பேரையாவது கொன்று, சுமார் 250 பேரைக் கடத்தியது. குறைந்தது 80 பேர் குழந்தைகள். மனித உரிமை ஆய்வாளர்கள் 2010 மார்ச்சில் அறிக்கை வெளியிட்ட பிறகே உலகம் அதை அறிந்தது. சாலையில்லை, கைபேசிக் கோபுரமில்லை. பிறகு அப்பகுதியில் உயர் அலைவரிசை வானொலிக் கருவிகளைக் கொண்ட முன்னெச்சரிக்கை வலைப்பின்னல் வந்தது. ஊர்கள் குறித்த நேரத்தில் ஒன்றோடொன்று பேசி, எந்தத் திசையில் ஆட்கள் தென்பட்டார்கள் என்று பகிர்ந்துகொள்ளும். எச்சரிக்கை கேட்டு அமைதிப் படை வராவிட்டாலும், ஊரார் அன்றிரவு வயலுக்குப் போகாமல் இருக்கலாம்.

ஒரு சட்டம் இன்னொன்றின் காலை வாரியது

2012 மே மாதம் உகாண்டா அரசு பொதுமன்னிப்புச் சட்டத்தின் முக்கியப் பகுதியைக் காலாவதியாக விட்டது. துண்டறிக்கைகள் காட்டில் விழுந்துகொண்டிருந்த அதே நேரம் அது. திரும்பி வருபவருக்குச் சான்றிதழ் தரப் பொதுமன்னிப்பு ஆணையத்துக்கு அதிகாரமில்லாமல் போனது. வடக்கு உகாண்டாவின் தலைவர்களும் அமைப்புகளும் ஓராண்டு வாதாடி, 2013 மே மாதம் அதை மீட்டார்கள். அமெரிக்கச் சட்டத்தின் மூன்றாவது குறிக்கோள் முழுக்க இந்த உகாண்டாச் சட்டத்தின் மேல் நின்றது. அமெரிக்கச் சட்டமோ அது தொடர வேண்டும் என்று எங்கும் கேட்கவில்லை.

இதே காலத்தில், 2012 மார்ச்சில், இன்விசிபிள் சில்ட்ரன் வெளியிட்ட அரை மணி நேரக் காணொலி ஆறு நாளில் 10 கோடி முறை பார்க்கப்பட்டது. கோனியின் முகத்தை உலகறியச் செய்வது அதன் வழி. வடக்கு உகாண்டாவின் லிரா நகரில் பாதிக்கப்பட்ட மக்களுக்கே அதைத் திரையிட்டபோது கூட்டம் கொதித்தது, கல் பறந்தது. தங்களைச் சிதைத்தவனின் முகம் சுவரொட்டியிலும் சட்டையிலும் வருவதை அவர்கள் பொறுக்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. 2006-க்குப் பிறகு உகாண்டாவில் எல்.ஆர்.ஏ. இல்லை. அங்கே வேண்டியிருந்தது நிலம், சிகிச்சை, பள்ளிக் கட்டணம், தந்தை பெயர் தெரியாத குழந்தைகளுக்கான ஏற்பு. ஒரு மனிதனின் பெயரை மையமாக்கினால் ஆதரவு வேகமாகச் சேரும், அவன் பிடிபடாதபோது அதே வேகத்தில் கரையும். 3-ஆம் பிரிவின் வாசகம் அந்தப் பாதைக்கு முன்பே வழி திறந்து வைத்திருந்தது.

டொமினிக் ஓங்வென் வழக்கு இந்தச் சட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே மனிதனில் கொண்டுவந்து நிறுத்தியது. ஏறக்குறைய 9 வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டு, தளபதியாக வளர்ந்தவர். 2015-இல் சரணடைந்தார். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் 61 குற்றங்களில் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, மே மாதம் 25 ஆண்டுச் சிறை விதித்தது. குழந்தைகளைப் படையில் சேர்த்ததும் அந்த 61-இல் அடக்கம். கடத்தப்பட்ட குழந்தைப் பருவத்தைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாக நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள், குற்றத்திலிருந்து விடுவிக்கும் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 'உயர்மட்டத் தளபதிகள்' என்று மசோதாவில் எழுதியவர்கள் அவர்களிலும் கடத்தப்பட்ட குழந்தைகள் உண்டு என்பதற்கு ஒரு வரியும் எழுதவில்லை.

அரசைத் தொடும் சட்டம் கிளர்ச்சிக் குழுவைத் தொடாது

பலர் குழப்பிக்கொள்வது இங்கே. 2008 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த சிறார் படைவீரர் தடுப்புச் சட்டம், குழந்தைகளைப் படையில் வைத்திருக்கும் அரசுகளுக்கு ராணுவ உதவியை நிறுத்துகிறது. கிளர்ச்சிக் குழு அந்த உதவியைப் பெறுவதே இல்லை, நிறுத்த ஒன்றுமில்லை. அரசுகளுக்குக்கூட அதிபர் 'தேச நலன்' என்று விலக்கு தரலாம். சட்டம் செயலுக்கு வந்த முதல் ஆண்டே, 2010 அக்டோபரில், சாட், காங்கோ, சூடான், ஏமன் நான்குக்கும் விலக்கு கிடைத்தது.

குழுக்களைப் பற்றி நேரடியாகப் பேசுவது 2002-இல் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை. அதன் 4-ஆம் பிரிவு, அரசல்லாத ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்குட்பட்டோரைச் சேர்க்கவோ பயன்படுத்தவோ கூடாது என்கிறது. அதைக் குற்றமாக்கும் பொறுப்பு அந்தந்த நாட்டுச் சட்டமன்றத்தினுடையது. பிலிப்பைன்ஸ் 2019 ஜனவரியில் குடியரசுச் சட்டம் 11188 மூலம் அதைச் செய்தது. போரில் ஈடுபடுத்தப்பட்ட குழந்தையைப் பாதிக்கப்பட்டவராகவே நடத்த வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. அங்கே மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி 2009-இல் ஐ.நா.வோடு செயல்திட்டம் கையெழுத்திட்டு, 2017-க்குள் 1,869 குழந்தைகளைத் தன் அணிகளிலிருந்து விடுவித்தது. தலைமையும் நிலப்பரப்பும் அரசியல் இலக்கும் உள்ள குழுவிடம் இந்த வழி எடுபடும். கோனியின் படைக்கு நிலப்பரப்பு இல்லை, பேசித் தீர்க்கக்கூடிய இலக்கும் தெளிவாக இல்லை. எந்தக் கருவியைக் கேட்பது என்று முடிவு செய்யும் முன் எதிரே இருப்பது எந்த வகைக் குழு என்று பார்க்க வேண்டும்.

மசோதா வரைவில் சேர்க்க வேண்டிய வரிகள்

இன்று இப்படியொரு மசோதாவை வரைய உட்காருபவருக்கு எஸ்.1067-இன் எலும்புக்கூடு நல்ல தொடக்கம். 180 நாள் கெடுவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அறிக்கைப் பிரிவை மாற்ற வேண்டும்: அது வியூகம் தந்து ஓராண்டுக்குள் ஓர் அறிக்கை கேட்டது, அதோடு நின்றுவிட்டது. ஐந்து ஆண்டுக்கு ஆண்டுதோறும் என்று எழுத வேண்டும். அதில் எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள் என்பதோடு, திரும்பி வந்தோரில் 18 வயதுக்குட்பட்டோர் எத்தனை, அவர்களில் ஓராண்டுக்குப் பிறகும் குடும்பத்தோடு இருப்போர் எத்தனை என்ற எண்ணிக்கையையும் கேட்க வேண்டும்.

ராணுவ ஆதரவு பற்றிய எந்த வரியோடும் நிபந்தனை வர வேண்டும்: தாக்குதலுக்கு முன் சுற்றியுள்ள கிராமங்களுக்கான பாதுகாப்புத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும், குழுவில் கடத்தப்பட்ட குழந்தைகள் இருப்பதாகவே கருதித் திட்டமிட வேண்டும், பிடிபடும் குழந்தையை இத்தனை மணி நேரத்துக்குள் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். உகாண்டாப் படை குழந்தைகளைக் கையளிக்கும் பிரிவு ஒன்றைத் தனியாக வைத்திருந்தது, ஆகவே இது நடக்காத காரியமல்ல. பாதிக்கப்பட்ட நாட்டில் பொதுமன்னிப்பு போன்ற சட்டம் நடப்பில் இருந்தால் அதன் பெயரையும் காலாவதி தேதியையும் மசோதாவில் குறிப்பிட்டு, அது நீடிப்பதை உதவிக்கான நிபந்தனைகளில் ஒன்றாக வைக்க வேண்டும். வடக்கு உகாண்டாவின் மறுகட்டமைப்பில் அக்கறை காட்டாவிட்டால் உகாண்டாவுக்கு மனிதாபிமானம் சாராத உதவியை நிறுத்தலாம் என்று 6-ஆம் பிரிவில் ஏற்கெனவே ஒரு கருத்து வாசகம் இருக்கிறது. அதே இடத்தில் இந்த வரியையும் பொருத்தலாம்.

நிதிக்கு முதல் நாளே இரண்டு வாசகம் தயாராக இருக்கட்டும்: ஒன்று அனுமதியாக, மற்றொன்று கருத்தாக. தடை வரும் நாளில் இரண்டாவதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அதே வாரத்தில் ஒதுக்கீட்டுக் குழு உறுப்பினர்களின் பட்டியலைத் திறக்க வேண்டும்.